நமீபியா, போட்ஸ்வானா: சொந்தமாக ஓட்டிக்கொண்டு போகும் சஃபாரி, 12 ராத்திரியில் இந்தத் திட்டம் சரிவருமா?

தும்பி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வருகிற ஆகஸ்டில் நான், கணவர், 11 வயது மகள், 66 வயது அத்தை (கணவரின் அம்மா) நாலு பேரும் நமீபியா போகிறோம். வண்டியை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டுவதாக முடிவு. எனக்கும் அவருக்கும் நீண்ட தூரம் ஓட்டிப் பழக்கம் உண்டு. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது ஒரு தைரியம்.

போட்டிருக்கிற திட்டம்: விண்ட்ஹூக் 1 ராத்திரி, சோசஸ்ஃப்ளே மணல்மேடு 2, ஸ்வாகோப்முண்ட் 2, எட்டோஷா 2, கப்ரிவி (நமீபியாவின் வடகிழக்கில் நீளும் நிலப்பட்டை) 1, கசானே (போட்ஸ்வானாவில், சோபே பூங்கா) 2, விக்டோரியா அருவி 2. வண்டியைக் கசானேயில் விட்டுவிடலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, அதற்குத் தனிக் கட்டணம்.

கேள்விகள்: ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா? அத்தையால் தாக்குப்பிடிக்க முடியுமா? அவர் சுத்த சைவம். மலேரியாவுக்கு என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் மேல், வழிகாட்டி இல்லாமல் போனால் விலங்குகளைப் பார்க்க முடியுமா? செலவழித்துப் போய் வெறும் புதரைப் பார்த்துவிட்டு வரக்கூடாதே என்று இருக்கிறது.

கல்கௌதாரி:

தும்பி, வாங்க. நான் மூன்று முறை அந்தப் பக்கம் ஓட்டியிருக்கிறேன், மூன்று முறையும் காய்ந்த மாதங்களில். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் முதல் பயணத்தில் நான் செய்த தப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தூரம். விண்ட்ஹூக்கிலிருந்து சோசஸ்ஃப்ளே பக்கம் போக ஐந்து மணி நேரம், பெரும்பகுதி சரளைச் சாலை. அங்கிருந்து ஸ்வாகோப்முண்ட் இன்னொரு 350 கிலோமீட்டர், அதுவும் சரளை. அங்கிருந்து எட்டோஷா 500 சொச்சம். எட்டோஷாவின் கிழக்கு வாசலிலிருந்து கசானே ஆயிரம் கிலோமீட்டர். 12 ராத்திரியில் ஆறு நாள் வண்டிக்குள்ளேயே போய்விடும். மிச்ச நாட்களில் காட்டைப் பார்க்கும்போது உடம்பு அசந்து போயிருக்கும்.

மணல்மேடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போவது விலங்கு பார்க்க என்றால் இந்த முறை அதை விட்டுவிடுங்கள். என் யோசனை: விண்ட்ஹூக் 1, வாட்டர்பெர்க் 1, எட்டோஷா 5, ருண்டு 1, திவுண்டு பக்கம் 2, கசானே 2. விக்டோரியா அருவி கசானேயிலிருந்து 80 கிலோமீட்டர்தான். வாடகை வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோகாமல் உள்ளூர் வேனில் ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம்.

எட்டோஷாவுக்கு ஏன் ஐந்து ராத்திரி? 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள பூங்கா அது. நடுவில் வறண்ட உப்பளம், அது மட்டுமே ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர். எட்டோஷா என்றால் 'பெரிய வெண்மையான இடம்' என்று அர்த்தம். உப்பளத்தின் தெற்கு ஓரமாக வரிசையாக நீர்க்குட்டைகள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வேறெங்கும் தண்ணீர் கிடையாது. எல்லா உயிரும் அங்கே வந்தாக வேண்டும். ஆகவே தேடிக்கொண்டு அலைய வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. ஒரு குட்டை ஓரம் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, உட்கார்ந்திருந்தால் போதும்.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்வது சிரமம். 2016-ல் முதல் முறை போனபோது நாங்கள் ஒரு நாளில் எட்டுக் குட்டைகள் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். 'இங்கே ஒன்றும் இல்லை, அடுத்தது போகலாம்.' சாயந்திரம் முகாமில் ஒரு வயதான தம்பதி, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரே குட்டையில் இருந்தார்களாம். நாங்கள் 'ஒன்றும் இல்லை' என்று கிளம்பிய அதே குட்டை. நாங்கள் போன அரை மணி நேரத்தில் பதினொரு சிங்கம் வந்திருக்கின்றன.

மறுநாள் எட்டோஷாவின் நமுத்தோனி முகாம் பக்கத்தில் சுடோப் என்ற குட்டைக்குப் போய் நகரவேயில்லை. நடுவில் கோரை வளர்ந்த சின்னத் திட்டு. எதிர்க்கரையில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. அது தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது தெரியுமா? நாற்பது நிமிடம். பத்தடி வரும், நிற்கும், புதரைப் பார்க்கும், காது மட்டும் திரும்பும். முன்னங்காலை அகட்டும், குனியப் போகும், சட்டென்று நிமிர்ந்துவிடும். குனிந்த நிலையில் சிங்கம் வந்தால் அதால் உடனே ஓட முடியாது, அதற்கு அது தெரியும். கடைசியில் தலையைத் தாழ்த்திக் குடித்து நிமிர்ந்தபோது வாயிலிருந்து தெறித்த தண்ணீர் வெயிலில் ஒரு வளைவாகப் போய் விழுந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்கம் எதுவும் வரவில்லை அன்று. ஆனாலும் என் மூன்று பயணத்திலும் நல்ல காலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சொந்தமாக ஓட்டுவதன் லாபம் பணம் இல்லை, நேரம். வழிகாட்டி வண்டியில் பத்து பேர் இருந்தால் ஒருவருக்கு அலுத்ததும் வண்டி கிளம்பிவிடும். உங்கள் வண்டியில் நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

அத்தைக்கு எட்டோஷாதான் சரியான இடம். ஒகாகுவேயோ, ஹலாலி இரண்டு முகாமிலும் வேலிக்கு வெளியே விளக்குப் போட்ட குட்டை இருக்கிறது. அறையிலிருந்து நடந்துபோய் பெஞ்சில் உட்காரலாம், ராத்திரி முழுக்க. கூரைமேல் கூடாரம் வேண்டாம், ஏணி ஏறுவது அவருக்குக் கஷ்டம். அறை எடுங்கள். ஆகஸ்டில் அறை கிடைக்க மாசக்கணக்கில் முன்னாலேயே பதிய வேண்டும், இன்றே பாருங்கள்.

கூடலூர்க்காரன்:

கல்கௌதாரி சார் எழுதியதைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

நான் முதுமலை ஓரம் வளர்ந்தவன். காட்டில் கண் பழக வருஷங்கள் ஆகும். எங்கள் ஊரில் யானை நிற்கும் இடத்தைப் பத்தடியில் கடந்துபோகிற வெளியூர்க்காரர்களைத் தினம் பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் மரத்து நிழலில் கிளையோடு கிளையாகப் படுத்திருக்கிற சிறுத்தையைத் தும்பி குடும்பம் எப்படிப் பார்க்கும்? அந்த மண்ணில் பிறந்த வழிகாட்டி கால்தடத்தைப் பார்த்து, இம்பாலா மான் கத்துகிற சத்தத்தைக் கேட்டு, இது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்வான். அந்த அறிவுக்குக் காசு கொடுப்பது தப்பே இல்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு அது வாழ்வாதாரமும்கூட.

இன்னொன்று பாதுகாப்பு. யானையைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. குழந்தையும் பெரியவரும் இருக்கிற வண்டியை, யானைக் கூட்டத்துக்கு நடுவில், அனுபவமில்லாதவர் ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கன்னத்தில் மதநீர் வழிந்தால் கிட்டேயே போகாதே என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்கு?

சக்கரம்:

வண்டி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எட்டோஷா மட்டும் என்றால் உயரமான டூ வீல் டிரைவ் போதும். சோபே ஆற்றோரச் சாலை, திவுண்டு பக்கத்து மகாங்கோ பூங்காவின் உள்சாலை எல்லாம் மணல். அதற்கு ஃபோர் வீல் டிரைவ், அதுவும் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற கியர்) உள்ளது வேண்டும். பெரும்பாலும் ஹைலக்ஸ் டபுள் கேப்தான் கொடுப்பார்கள்.

சரளையில் 80-க்கு மேல் போகவே போகாதீர்கள். அங்கே வெளியூர்க்காரர் வண்டி கவிழ்வது எதிரே வருகிற வண்டியால் இல்லை. வளைவில் வேகமாகத் திருப்பி, தானே உருள்கிறது. காப்பீட்டுத் தாளில் 'வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து' என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பல ஒப்பந்தங்களில் அதற்கு ஈடு கிடையாது. டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவற்றுக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பொழுது சாய்ந்தபின் ஓட்டக்கூடாது என்றும் எழுதியிருப்பார்கள். அதை மதியுங்கள், குடு என்கிற பெரிய மானும் மாடும் சாலையில் வந்து நிற்கும்.

காற்று: தாரில் 2.2 பார் என்றால் சரளையில் 1.8, ஆழமான மணலில் 1.4 அல்லது இன்னும் கீழே. காற்றை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். தாருக்கு வந்ததும் திரும்ப ஏற்றியாக வேண்டும், அதற்கு கம்ப்ரஸர் கேட்டு வாங்குங்கள். வாடகை இடத்திலேயே ஜாக்கியைப் போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். முதல் முறை நடுக்காட்டில் செய்யக்கூடாத வேலை அது.

உயரமான புல் நடுவே ஓட்டினால் அவ்வப்போது வண்டிக்கு அடியில் பாருங்கள். சைலன்ஸர் பக்கம் காய்ந்த புல் சேர்ந்து தீப்பிடிக்கும். ரேடியேட்டரில் புல்விதை அடைத்து என்ஜின் சூடேறும். ஆகஸ்டில் எட்டோஷாவில் இந்தப் பிரச்சினை குறைவு.

பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிவிடுங்கள். பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள்.

ஜோபர்க் தமிழ்:

வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் முறை வருகிற குடும்பத்துக்கு இங்கே தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா இன்னும் சுலபம் என்பேன். 350 கிலோமீட்டர் நீளம், முக்கியச் சாலைகள் தார், சாதாரண கார் போதும். முகாமுக்குள்ளேயே கடை, உணவகம், பங்க் எல்லாம் இருக்கிறது. தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 என்று வேகம் கட்டுப்படுத்தியிருப்பார்கள்.

ஆனால் க்ரூகரில் இப்போது ஒரு தொல்லை சொல்லியாக வேண்டும். யார் எங்கே சிங்கம் பார்த்தார்கள் என்று கைபேசியில் உடனே தகவல் வருகிறது. பத்து நிமிடத்தில் முப்பது வண்டி. ஒருமுறை சதாரா முகாம் பக்கம் எஸ்-100 சாலையில் ஒரு சிறுத்தை சாலையைக் கடக்க நினைத்து, மூன்று முறை முயற்சி செய்து, வண்டி வண்டியாக வழி மறித்து நின்றதால் திரும்பிப் போய்விட்டது. அதன் பின்னால் இரண்டு குட்டி. குட்டிகளை அந்தப் பக்கம் கூட்டிப்போகத்தான் அது நின்றது என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அன்றே அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன்: நாமாகப் பார்த்தால் பார்ப்போம், இல்லையென்றால் இல்லை.

கல்கௌதாரி:

கூடலூர்க்காரன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கண் பழக வேண்டும் என்பது உண்மை. அதனால்தான் குட்டையோரம் உட்காரச் சொல்கிறேன். புதரில் இருக்கும் சிறுத்தையைக் கண்டுபிடிக்கத்தான் பழகிய கண் வேண்டும், தண்ணீருக்கு வரும் யானையைப் பார்க்க வேண்டாம். மழை மாதத்தில் நான் இந்த யோசனையைச் சொல்லவே மாட்டேன். அப்போது எங்கும் தண்ணீர், விலங்கு சிதறிவிடும், வழிகாட்டி இல்லாமல் சிரமம்.

பூங்காவுக்குள் பொழுது சாய்ந்தபின் நாம் ஓட்டக்கூடாது, முகாமுக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே தும்பி, ஒரு ராத்திரி முகாமின் வழிகாட்டி வண்டியில் போய்வாருங்கள். கசானேயில் ஒரு சாயந்திரம் படகு எடுங்கள். கூடலூர்க்காரன் சொல்லும் அறிவு அங்கே கிடைக்கும்.

யானை பற்றி ஒரு திருத்தம், இது முக்கியம். நம் ஊர்க் கண்ணோடு ஆப்பிரிக்க யானையைப் பார்த்தால் இரண்டு இடத்தில் தப்பு வரும்.

ஒன்று, தந்தம் இருந்தால் கொம்பன் என்று நினைப்போம். அங்கே பிடிக்கும் (பெண் யானைக்கும்) தந்தம் உண்டு. பக்கவாட்டில் நெற்றியைப் பாருங்கள்: ஆணுக்கு உருண்டு வளைந்திருக்கும், பிடிக்கு முனை போல மடிந்திருக்கும். தந்தம் உள்ளது ஒன்று தனியாக நிற்கிறதே என்று கிட்டே போனால், அது கன்றை மேயவிட்டு நிற்கிற தாயாக இருக்கலாம். எட்டோஷா யானைகளுக்குத் தந்தம் வேறு குட்டை, பெரும்பாலும் ஒடிந்திருக்கும்.

இரண்டு, கன்னத்தில் நீர் வழிவது. ஆப்பிரிக்காவில் பிடிக்கும் கன்றுக்கும்கூடப் பதற்றத்திலோ உற்சாகத்திலோ கன்னம் நனையும். அதை வைத்து மட்டும் மதம் என்று சொல்ல முடியாது. மதம் கொண்ட ஆண் என்றால் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் உள்பக்கம் ஈரமாகக் கறுத்திருக்கும், காற்று நம் பக்கம் அடித்தால் வாடையே சொல்லிவிடும். தலையை உயர்த்தி, வழி விடாமல் நேராக நடந்து வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் யோசிக்காமல் பின்னால் போங்கள்.

கூடலூர்க்காரன்:

பிடிக்கும் கன்னம் நனையும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நன்றி சார். என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்க்கிறேன், இது எந்த ஊர் யானைக்கும் பொருந்தும்.

காதை விரித்து, மண்ணை உதைத்து, தும்பிக்கையை ஆட்டுகிற யானை உங்களிடம் பேசுகிறது. 'போதும், நில்' என்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுவும் விட்டுவிடும். காதை ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி வந்தால் பேச்சு முடிந்துவிட்டது. ஹாரன் அடிக்காதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். வண்டியை எப்போதும் வெளியேற வழி இருக்கிற மாதிரி நிறுத்துங்கள், முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி அடைத்துக்கொள்கிற இடத்தில் நிற்காதீர்கள். யானையால் சங்கடம் என்பதைவிட, நகர இடமில்லாமல் போனதால் சங்கடம் என்பதுதான் நான் பார்த்தது.

வெண்கொக்கு:

மருத்துவம் சார்ந்த பதில், சுருக்கமாக. எட்டோஷாவில் காய்ந்த மாதத்தில் மலேரியா ஆபத்து குறைவு. ஆனால் ருண்டு, கப்ரிவி, கசானே எல்லாம் ஆற்றங்கரை, அங்கே எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாத்திரையைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. மகளின் எடையையும், அத்தை சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் மாதக்கணக்கு கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்ல மறக்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி: அடிஸ் அபாபா போன்ற ஊர் வழியாக விமானம் மாறினால், அங்கே காத்திருக்கும் நேரம் 12 மணியைத் தாண்டினால் சான்று கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தும்பி:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. திட்டத்தை மாற்றிவிட்டோம். மணல்மேடு, ஸ்வாகோப்முண்ட் இரண்டும் இல்லை. எட்டோஷாவில் ஒகாகுவேயோ 2, ஹலாலி 2, நமுத்தோனி 1 கிடைத்துவிட்டது. மகள் காண்டாமிருகப் படமெடுத்து இங்கே போடுவதாகச் சொல்கிறாள்.

கல்கௌதாரி:

காண்டாமிருகப் படம் போடும்போது ஒன்று கவனியுங்கள், தும்பி. கைபேசியில் இருப்பிடம் பதிவதை அணைத்துவிடுங்கள். எந்தக் குட்டை, எந்த நாள் என்று எழுதாதீர்கள். கொம்புக்காக வேட்டையாடுகிறவர்கள் இந்தப் படங்களைத்தான் பார்க்கிறார்கள். உலகத்தில் கறுப்புக் காண்டாமிருகம் அதிகமாக மிஞ்சியிருக்கிற நாடுகளில் நமீபியா ஒன்று. கொம்புக்காகச் சாகக்கூடாது என்று மயக்க ஊசி போட்டு முன்கூட்டியே கொம்பை வெட்டிவிடுகிறார்கள், அந்த நிலைமை. மகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், இந்த வயதில் அவளுக்குப் புரியும்.

உணவு: அறையோடு சமையலடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் விண்ட்ஹூக் கடைகளில் தாராளம். மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: நாட்டின் குறுக்கே கால்நடை நோய்க்காகப் போட்ட நீண்ட வேலி ஒன்று உண்டு, சிவப்புக் கோடு என்பார்கள். வடக்கேயிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர முடியாது. நீங்கள் வடக்கே போவதால் கவலையில்லை. ஆனால் ங்கோமா எல்லையில் போட்ஸ்வானாக்காரர்களும் இறைச்சியை எடுத்துவிடுவார்கள். செருப்பு, டயர் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். கோமாரிக்காகத்தான், பொறுமையாகச் செய்யுங்கள்.

தும்பி:

(செப்டம்பர்) வந்துவிட்டோம். ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் எழுந்து போகிறேன்.

ஒகாகுவேயோவில் முதல் ராத்திரி. ஆகஸ்டில் அங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது, ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே. அத்தை கம்பளி போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. விளக்கு வெளிச்சம், அசையாத தண்ணீர், பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். என் கணவர் மெல்ல 'போய்ப் படுக்கலாமா' என்றார். அத்தை 'நீ போ' என்றார்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து கல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு காண்டாமிருகம், பின்னால் அதன் குட்டி. தண்ணீரில் அவற்றின் நிழல் தலைகீழாக, முழுசாக. தாய் குடிக்கும்போது குட்டி அதன் வயிற்றை ஒட்டியே நின்றது. எதிர்ப்பக்கம் யானைகள் வந்தன, பதினாலு எண்ணினேன். வெண்மண் பூசி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன. பெரிய யானை ஒன்று காண்டாமிருகத்தைப் பார்த்து நாலடி முன்னால் வந்தது. தாய் சீறியது. மொத்தப் பெஞ்சும் மூச்சைப் பிடித்தது. யானை நின்றது. காண்டாமிருகம் திரும்பி, குட்டியை முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்து இருட்டுக்குள் போனது. அத்தை ராத்திரி ஒன்றரை மணி வரை எழுந்திருக்கவில்லை. அவர் மாமனார் வீட்டில், மழை பொய்த்த வருஷம், ஒரே கிணற்றில் நாலு தெருப் பெண்கள் வரிசையில் நின்ற கதையை அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னிடம் சொன்னார்.

ஹலாலியில் குட்டையின் பெயர் மொரிங்கா. பெயரைப் பார்த்ததும் மகள் 'முருங்கையா?' என்றாள். முருங்கையேதான்! அங்கே குன்றில் வளர்கிற தடித்த அடிமரம் கொண்ட மரம் முருங்கை இனமாம், அந்த இனத்தின் அறிவியல் பெயரே தமிழ் முருங்கையிலிருந்து போனதாம். பொழுது சாய்ந்ததும் கல்கௌதாரிக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியபோது உங்களை நினைத்துக்கொண்டோம் அண்ணா. ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, அதில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமந்து போகும் என்று அங்கே ஒருவர் சொன்னார். மகள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். ராத்திரி குப்பைத் தொட்டியை ஒரு தேன்வளைக்கரடி உருட்டித் திறந்தது. உணவுப் பெட்டியை வெளியே வைக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

ருண்டுவில் சந்தையில் அத்தை ஒரு மூட்டையில் கையை விட்டு தானியத்தை அள்ளி, முகர்ந்து, 'இது கம்பு' என்றார். மகாங்கு என்று அந்த ஊர்ப் பெயர். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு. மாவு வாங்கி திவுண்டுவில் கூழ் காய்ச்சினோம். விற்ற அம்மாவும் அத்தையும் ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரியாமலே பத்து நிமிடம் பேசினார்கள்.

திவுண்டு தாண்டி ப்வாப்வாட்டா பூங்கா வழியாக 200 கிலோமீட்டர் நேர்ச்சாலை. யானை எச்சரிக்கைப் பலகைகள். 80-லேயே போனோம். ஓரிடத்தில் புதரோரம் ஒரு யானை மட்டும் நின்றது, பெரிய தந்தம். கணவர் படமெடுக்க மெதுவாக்கினார். நான் நெற்றியைப் பார்த்தேன், மடிந்திருந்தது. 'இது தாய், நகராதே' என்றேன். தூரத்திலேயே நின்றோம். இரண்டு நிமிடத்தில் சாலையின் மறுபக்கத்திலிருந்து கன்று வந்து கடந்தது, அதன் பின்னால் இருபதுக்கு மேல். நாங்கள் இன்னும் முப்பது மீட்டர் போயிருந்தால் நடுவில் நின்றிருப்போம். கூடலூர்க்காரன் அண்ணா, கல்கௌதாரி அண்ணா, இரண்டு பேருக்கும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சோபேயில் தப்புச் செய்தேன். ஆற்றோர மணல்சாலையில் நுழையும்போது காற்றை இறக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி அச்சு வரை புதைந்தது. அங்கே வண்டியை விட்டு இறங்கக்கூடாது, பக்கத்தில் காட்டெருமைச் சாணி ஈரமாகக் கிடந்தது. இருபது நிமிடம் கழித்து வந்த தென்னாப்பிரிக்கக் குடும்பம் ஒன்று தங்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அந்த அம்மா மேலே எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் நாலு சக்கரத்திலும் காற்றை 1.4-க்கு இறக்கினோம். லோ ரேஞ்சில் போட்டதும் தானாக ஏறி வந்துவிட்டது. சக்கரம் எழுதியதை அச்சடித்து டாஷ்போர்டில் வைத்திருந்தும், அவசரத்தில் பார்க்கவில்லை.

கல்கௌதாரி:

படிக்கப் படிக்கக் கண் நிறைந்துவிட்டது, தும்பி. அத்தைக்கு என் வணக்கம்.

சோபேயில் யானை எப்படி இருந்தது என்று எழுதவில்லையே? 2022-ல் நமீபியா, போட்ஸ்வானா உட்பட அந்தப் பக்கத்து ஐந்து நாடும் சேர்ந்து வானிலிருந்து எண்ணியபோது அந்தக் கவாங்கோ–சம்பேசி வட்டாரத்தில் 2,27,900 யானை. அதில் பாதிக்கு மேல் போட்ஸ்வானாவில், ஏறக்குறைய 1,31,900. ஆற்றோரம் ஒரு சாயந்திரம் நின்றால் அந்தக் கணக்கை நம்பத் தோன்றும். அதே சமயம் அங்கே சோளம் விதைக்கிற குடியானவனுக்கு அந்த எண்ணிக்கையின் பாரம் என்ன என்பதையும் நினைக்க வேண்டும்.

தும்பி:

படகில் போனோம் அண்ணா. செடுடு தீவைச் சுற்றி. அந்தத் தீவு யாருக்கு என்று நமீபியாவும் போட்ஸ்வானாவும் உலக நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானதாகப் படகுக்காரர் சொன்னார். யானைகள் நீந்தி அந்தப் பக்கம் போய் மேய்ந்துவிட்டு வருகின்றன. கன்று மூழ்கிவிடாமல் இரண்டு பெரிய யானை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போயின, தண்ணீருக்கு மேலே கன்றின் தும்பிக்கை நுனி மட்டும் தெரிந்தது. எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

விளைந்த கொல்லையை யானை அழித்துவிட்ட வீடு ஒன்றைக் கப்ரிவியில் காடிமா ஊருக்குப் போகிற வழியில் பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் வேலியோரம் தேன்கூடு, மிளகாய்ப்பொடி தடவிய கயிறு எல்லாம் கட்டிப் பார்த்தாராம். கோபமாகப் பேசவில்லை. அடுத்த மழைக்கு என்ன விதைப்பது என்றுதான் பேசினார்.

கூடலூர்க்காரன்:

எங்கள் ஊர்ப் பேச்சும் அதேதான், தங்கச்சி.

வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று எழுதினேன். நெற்றியைப் பார்த்து நிறுத்தினீர்கள் பாருங்கள், அதைப் படித்தபின் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி வண்டியும் படகும் கட்டாயம் என்பதை மட்டும் விடமாட்டேன். அடுத்த ஜூலையில் நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அவருக்கு முட்டிவலி. ஒகாகுவேயோவில் அறையிலிருந்து குட்டை எவ்வளவு தூரம்?

தும்பி:

எங்கள் அறையிலிருந்து இருநூறு அடி எடுத்து வைக்கும் தூரம்தான் அண்ணா, சமதரை, படி இல்லை. குட்டைக்கு நேர் எதிரே இருக்கிற அறைகளும் உண்டு, அது கிடைத்தால் அம்மா வாசலிலேயே உட்காரலாம். ஜூலை ராத்திரி இன்னும் குளிரும். இரண்டு கம்பளி, ஒரு ஃபிளாஸ்க், முட்டிக்குக் கட்டச் சின்னத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சுக்கு ஒரு தலையணையும். அத்தை சொல்லச் சொன்னார்: பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும், அப்போதுதான் கிளம்பக்கூடாதாம்.